பல்லி பார்த்த முதுகு

இல்லை, அவர் ரேசில் சாகவில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அத்தனை வருஷம் வளைவுக்கு வளைவு தீப்பொறி பறக்க ஓட்டிய மனுஷன், ஒரு மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில், குழாயைக்கூட மூடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் சத்தம் நிற்கவில்லையே என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிகிறது, பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் குழாயடியில் செத்தால் அது சாவு இல்லையா?

நான் ரேஸ்காரன் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற ட்ராக்கில், ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டாவது வளைவில் நின்று கொடி காட்டுகிறவன். அவர் லேத் பட்டறை இருக்கிற தெருவிலேயே குடியிருப்பதால் மற்ற நாட்களிலும் அங்கேதான் கிடப்பேன். கீழே பட்டறை, மேலே வீடு. உள்ளே நுழைந்தால் சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதும் கூடவே வந்திருக்கும்.

தெருவிலும் ட்ராக்கிலும் அவரை அரைநூல் என்றுதான் சொல்வார்கள். பட்டறைக்காரர்கள் அளவு சொல்லும்போது, அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். இவர் எதைப் பார்த்தாலும் "அரை நூல் கூட இருக்கே" என்பார். கடைசல் பிடிக்கிற ஷாஃப்டைப் பார்த்தும் சொல்வார், மகள் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றாலும் சொல்வார். என் மீசையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர் ஓட்டியது சைட்கார். பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும், கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு சக்கரம். ஓட்டுகிறவர் முன்னால் மண்டியிட்டுக் குனிந்திருப்பார். தட்டில் இன்னொருவர். அவருக்கு சீட்டு கிடையாது, பெல்ட் கிடையாது, பிடித்துக்கொள்ள இரும்புக் கைப்பிடிகள் மட்டும். இடது வளைவு வந்தால் தட்டுக்கு வெளியே, முதுகு தரையை உரசுகிற அளவுக்குத் தொங்கவேண்டும். வலது வளைவு என்றால் தாவி வந்து ஓட்டுகிறவர் பின்னால் ஏறி அந்தப் பக்கம் சாயவேண்டும். அந்த உடம்பின் எடைதான் வண்டியைத் தரையில் பிடித்து வைக்கிறது. ஒரு மூச்சு தாமதித்தால் மூன்றாவது சக்கரம் எழும்பும். அப்புறம் கதை கந்தல்.

அந்தத் தட்டில் இருந்தவர் அக்காவின் தம்பி. ஒட்டிக்கொண்டே கிடப்பதால் பல்லி. கல்யாணம் ஆகவில்லை. பட்டறையில் ட்ரில்லிங் மெஷின் பார்ப்பார், பின்னால் இருக்கிற அறையில் படுத்துக்கொள்வார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பல்லி அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூட. எங்கே போனாலும் சைக்கிள்தான். ஆனால் ட்ராக்கில் அவரை மாதிரி ஆள் கிடையாது. மற்ற வண்டிகளில் தட்டுக்காரர் வளைவு வந்த பிறகு நகர்வார். பல்லி அண்ணன் வளைவுக்கு முன்பே நகர்ந்திருப்பார். "அவனுக்கு ரோடு மனப்பாடம்டா" என்று அரைநூல் அண்ணன் பெருமையடிப்பார். நானும் அதையேதான் எல்லோரிடமும் அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அரைநூல் அண்ணன் போன பிறகு பட்டறை நிற்கவில்லை. அவர் மகள் லேத்தில் நின்றாள். இருபத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். வேலையில் அப்பாவுக்கு இளைத்தவள் இல்லை. பம்பு கம்பெனி ஆட்கள் வழக்கம்போல ஷாஃப்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள், வழக்கம்போல எடுத்துப் போனார்கள். மாறிப்போனது பல்லி அண்ணன்தான். மெஷின் ஓடும்போது பட்டறையில் யாரும் வாயால் பேசமாட்டார்கள். காது கேட்காது, எல்லாம் கைஜாடைதான். அண்ணனும் பல்லி அண்ணனும் நாள் முழுக்க அப்படியே பேசித் தள்ளுவார்கள். டீ சொல்லு, அந்தப் பார்ட்டி வர்றான் பார், மூஞ்சியப் பாரு அவனோட. அந்த ஜாடைகளில் பாதி அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிவது. இப்போது பல்லி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசவேண்டியிருந்தது. அதனால் பேசுவதையே விட்டுவிட்டார். துளை போடுவார், ஊதித் தூசியைத் தள்ளுவார், அடுத்ததை எடுப்பார்.

வெயில் சாய்ந்து கூரைத் தகரம் படபடவென்று சுருங்குகிற ஒரு சாயங்காலம், பாப்பா லேத்தை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, சீசன் தொடங்குது. நான் பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ரேசுக்குத்தான். நான் ஓட்டுறேன், நீங்க தட்டுல."

பல்லி அண்ணன் கையில் இருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தார். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"அப்பா சொல்லிக் குடுத்தாரு. ட்ராக் காலியா இருக்கற நாள்ல, தட்டுல மணல் மூட்டையக் கட்டி."

"மணல் மூட்டையும் நானும் ஒண்ணா?"

"மணல் மூட்டை இவ்ளோ கேள்வி கேக்காது மாமா."

படியில் டீ கொண்டுவந்துகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். அண்ணன் போனதற்கு அப்புறம் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பல்லி அண்ணனும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சி. வறண்ட காற்று, கொடி கையில் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. என் வளைவு இடது வளைவு. தூரத்தில் சத்தம் கேட்டது, அப்புறம் அந்த நீல வண்டி. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. பாப்பா சரியான இடத்தில் பிரேக் போட்டாள், சரியாகத் திருப்பினாள். பல்லி அண்ணன் நகரவில்லை. தட்டில் குனிந்தபடி அப்படியே இருந்தார். மூன்றாவது சக்கரம் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். பாப்பா சட்டென்று வண்டியை நேராக்கிப் புல்வெளிக்குள் விட்டாள். வண்டி குதித்துக் குதித்துப் போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது.

கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினேன். இரண்டு பேருக்கும் அடி இல்லை. பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாள்.

"ஏன் மாமா நகரல?"

"நீ சொல்லவே இல்லையே."

"என்ன சொல்லணும்? வளைவு வந்துச்சு, நகரணும். அவ்ளோதான?"

"வளைவு வந்துச்சா?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பல்லி அண்ணன் புல்லில் உட்கார்ந்து கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

"மச்சான் தோள எறக்குவாரு" என்றார் மெதுவாக. "இடது பக்கம் திரும்பப் போறார்னா, பிரேக் போடறதுக்கு முன்னாடியே இடது தோள் ஒரு எறக்கம் எறங்கும். வலதுன்னா வலது. நான் அதத்தான் பாப்பேன்."

"அப்ப ரோடு?" என்றாள் பாப்பா.

"நான் எதுக்கு ரோட்டப் பாக்கணும்? அவர் பாத்துக்கிட்டாரு."

ட்ராக்கிலேயே ரோடு மனப்பாடமான ஆள் என்று நாங்கள் கொண்டாடிய மனுஷன், அத்தனை வருஷமும் ஒரு தோல் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்திருக்கிறார். அரைநூல் அண்ணனுக்கே இது தெரிந்திருக்காது. தோள் இறங்குவது அவருக்குத் தெரிந்தால்தானே!

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறையில் வண்டியை மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். பல்லி அண்ணன் தட்டில் ஏறிக்கொண்டு, பாப்பாவை முன்னால் மண்டியிடச் சொன்னார்.

"இப்ப தோள எறக்கு."

இறக்கினாள்.

"அப்படி இல்ல. நீ தலையையும் சேத்து எறக்குற. தோள் மட்டும்."

மறுபடி இறக்கினாள்.

"இது ஏதோ கொசு கடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் மெதுவா. ஒரு கனமான சாமானத் தூக்கக் குனியற மாதிரி."

எத்தனை முறை செய்தாள் என்று தெரியாது. பல்லி அண்ணன் உள்ளே போய் அண்ணனின் தோல் சட்டையை எடுத்துவந்து நீட்டினார். "இதப் போட்டுக்கிட்டுச் செய். அப்பதான் எனக்குத் தெரியும்."

பாப்பா அதை வாங்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை.

"மாமா, நான் அப்பா இல்ல. அப்பா மாதிரி ஒக்காரணும், அப்பா சட்டையப் போடணும், அப்பா தோள எறக்கணும்னா, அப்ப நான் எங்க ஓட்டறது? நான் எறக்க மாட்டேன். நீங்க ரோட்டப் பாருங்க."

"எனக்கு ரோடு தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்கங்க."

"இந்த வயசுலயா? வேற ஆளப் பாத்துக்க." சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேற ஆள் வந்தான். ட்ராக்குக்கு வருகிற ஜிம்காரன் ஒருவன், உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கும். ஆசையாகத்தான் வந்தான் பாவம். தட்டில் ஏறிப் படுத்ததும் பிரச்சினை தெரிந்தது. கைப்பிடிகளெல்லாம் பல்லி அண்ணனின் கைக்கும் காலுக்கும் அளவெடுத்து அரைநூல் அண்ணன் வைத்தவை. பல்லி அண்ணனுக்குக் குட்டைக் கை. ஜிம்காரன் அதைப் பிடித்தால் முழங்கை முகத்தில் இடித்தது.

"இது சின்னப் பிள்ளைங்க ஊஞ்சல் மாதிரி இருக்கே" என்றான்.

"அறுத்து வேற இடத்துல வெல்டு வைக்கணும்" என்றாள் பாப்பா. சாக்பீஸால் கோடு போட்டாள். கட்டர் மெஷினை எடுத்து பிளக்கில் சொருகினாள். சொருகினாளே தவிர ஓட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ட்ரில்லிங் மெஷினிலிருந்து பல்லி அண்ணன் வந்தார். "உன்னால ஆகாது. குடு, நான் அறுக்கறேன்."

நிஜமாகவே வாங்கிக் குனிந்துவிட்டார். தன் கை பிடித்துப் பிடித்துப் பளபளப்பான இரும்பைத் தானே அறுக்கப் போகிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். ஜிம்காரன் ஒன்றும் புரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"டேய், கொஞ்சம் இரு" என்று படியிலிருந்து அக்கா சொன்னாள். கீழே வந்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணு சொல்லிட்டு அறு. நான் அந்த எடத்துக்கு ஒரு தடவகூட வந்ததில்ல. பயம். அவர் வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வரும். அந்த ரோடு எப்படிடா இருக்கும்?"

பல்லி அண்ணன் கட்டரைக் கீழே வைத்தார். "எந்த ரோடு?"

"நீங்க சுத்துன ரோடு. மேடா, பள்ளமா? மரம் கிரம் இருக்கா? ஞாயித்துக்கிழம ஆனா ஓடுவீங்களே, என்னதான்டா இருக்கு அங்க? அவர்கிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கலாம்."

பல்லி அண்ணன் யோசித்தார். "அவர் சட்டைல, கழுத்துக்குக் கீழ, ஒரு தையல் பிரிஞ்சு வேற நூல்ல தச்சிருந்துச்சுக்கா. வலது பக்கம் எண்ணெய்க் கறை ஒண்ணு. மழையில நனைஞ்சா அது மட்டும் கறுப்பாத் தெரியும்."

"தச்சது நான்தான்டா. நான் ரோட்டக் கேட்டேன்."

"ரோடு... தெரியலக்கா."

"நல்லா இருக்குடா. அவர் மூஞ்சிய நான் வச்சுக்கிட்டேன், முதுக நீ வச்சுக்கிட்ட. ரெண்டு பேரும் வேற எதையும் பாக்கல." அக்கா எழுந்தாள். "அறுக்கறதுன்னா அறு. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா, நான் அங்க இருந்தேன்னு நீ சொல்லிக்காத. நானும்தான் இல்ல, நீயும்தான் இல்ல."

அவள் மேலே போய்விட்டாள். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடினாள். கட்டர் அன்றைக்கு ஓடவில்லை. ஜிம்காரனுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பல்லி அண்ணன் என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். "டேய் கொடி. ட்ராக்குல நடந்து போக விடுவாங்களா?"

"வாட்ச்மேன் நம்ம ஆளுதான். எதுக்குண்ணே?"

"சும்மா."

இரண்டு பேரும் போனோம். வார நாளில் ட்ராக் எப்படி இருக்கும் தெரியுமா? ஆள் அரவமே இருக்காது. காலி பெஞ்சுகள், மூடிக்கிடக்கிற டிக்கெட் ஜன்னல், எங்கேயோ ஒரு தகரம் காற்றில் ஆடுகிற சத்தம். பல்லி அண்ணன் தொடக்கக் கோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார். தார் சுட்டிருக்கும். கேட்டால், "எப்பவும் இதுக்கு மேல ஒரு சாண் ஒசரத்துலதான் போயிருக்கேன், காலால தொட்டதில்ல" என்றார்.

முதல் வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டார். "இங்க எறக்கமா?"

"ஆமா. எல்லாருக்கும் இங்கதான் வேகம் ஏறும்."

"வயித்துல ஒரு மாதிரி இருக்கும் இந்த எடத்துல. நான் பசின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. என் வளைவைத் தாண்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய மரங்கள் வரிசையாக நிற்கும், பூத்திருந்தன. ரோட்டில் பாதிக்கு மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எப்பவும் இருக்கா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்குண்ணே."

"மச்சான் சொல்லவே இல்லையேடா."

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். நடு ரோட்டில் குப்புறப் படுத்து, தாடையைத் தூக்கி, தட்டில் இருக்கும்போது தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். எழுந்து பத்தடி நடந்து மறுபடி படுத்தார். மேலேயிருந்து தெரிகிற போர்டுகள் அந்த உயரத்தில் தெரியாது. அவர் தனக்கென்று வேறு அடையாளங்கள் பிடித்தார். தாரில் ஒட்டுப்போட்ட இடம், வெள்ளையடித்த ஒரு கல், தரையோடு தரையாக ஓடுகிற ஒரு விரிசல். சுற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சட்டை முழுக்கத் தார்ப்பொடி. அத்தனை பெரிய இடத்தில் அந்தச் சின்ன உடம்பு படுத்து எழுந்து படுத்து எழுந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் ஒரு துணியை நனைத்துச் சாக்பீஸ் கோடுகளைத் துடைத்தார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா திரும்பிப் பார்த்தாள். அவர் கையால் ஏதோ ஜாடை காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. மெஷினை அணைத்தாள்.

"என்ன மாமா?"

"ஏறுறேன்னு சொன்னேன்."

ரேஸ் அன்று தூறல். அக்கா வரவில்லை, டிபன் மட்டும் கொடுத்தனுப்பினாள். நான் என் வளைவில் நின்றேன், எனக்கு அங்கே தெரிவது மட்டும்தான் தெரியும். முதல் சுற்றில் எல்லா வண்டிகளும் கும்பலாகப் போயின, தண்ணீர் வாரி அடித்தது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நீல வண்டி. இத்தனை வருஷம் பல்லி அண்ணன் என் வளைவைத் தாண்டும்போது நான் பார்த்ததெல்லாம் அவர் ஹெல்மெட்டின் உச்சியைத்தான், எப்போதும் குனிந்தே இருக்கும். அன்றைக்கு அது நிமிர்ந்திருந்தது. பாப்பாவின் கைக்குக் கீழே, சந்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பாப்பா பிரேக் போட்டபோது அவர் ஏற்கெனவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தார்.

நான் கொடியை வைத்துக்கொண்டு கத்தினேன். கொடி காட்டுகிறவன் கத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. போகட்டும்.

ஒவ்வொரு சுற்றும் அப்படித்தான். அவர்கள் ஜெயிக்கவில்லை, அதெல்லாம் நடக்கிற காரியமா? கடைசிக்கு முந்தின வண்டியாக வந்தார்கள், அதுவும் ஒரு வண்டி நின்றுபோனதால். ஆனால் பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றியபோது பார்க்கவேண்டும் அவள் முகத்தை. யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள். அம்மாவுக்கு போன் போட்டு, "நல்லா இருக்கோம்மா, ரெண்டு பேரும் முழுசா இருக்கோம்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பல்லி அண்ணனைக் காணவில்லை. வேனுக்குப் பின்னால், மழைக்கு ஒதுங்கி, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பின்னிட்டீங்க."

"கொடி, ஒண்ணு கேக்கணும். பாப்பாகிட்டயோ அக்காகிட்டயோ சொல்லிடாத."

"சொல்லுங்க."

"முழு ரேசும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். எறக்கம், கல்லு, விரிசல், அடுத்தது, அடுத்தது. எறங்கி ஹெல்மெட்டக் கழட்டுனதுக்கு அப்புறம்தான் தோணுச்சு." நனைந்த கையால் மூக்கைத் துடைத்தார். "மச்சான நான் ஒரு தடவகூட நெனைக்கலடா. அவர் வண்டிலயே ஒக்காந்துக்கிட்டு. ஒரே ஒரு தடவகூட."

நான் நனைந்த கொடியைப் பிழிந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா வேற இருந்துச்சுடா. அதான் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு ரேஸ் போனா, அவர் முதுகு எப்படி இருந்துச்சுன்னே மறந்துருமோ என்னவோ. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அக்காவுக்காச்சும் மூஞ்சி இருக்கு." என் முழங்காலைப் பிடித்தார். "அடுத்த தடவ ஏறணுமா, வேணாமா? நீ சொல்லு. நீதான் நிறையப் பேசறவனாச்சே."

நிறையப் பேசுகிறவன்தான். ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நாலு நாளாக யோசிக்கிறேன். அரைநூல் அண்ணன் இதைக் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார், "இப்பதான்டா நீ ரேஸ் ஓட்டியிருக்க" என்றிருப்பார் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், மூடின கதவுக்கு உள்ளே ஒரு தோல் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், போனவரை நினைக்காமல் இருந்தது நல்லதுதான் என்று எந்த வாயால் சொல்வேன்? பாப்பா அடுத்த ரேசுக்கும் பேர் கொடுத்துவிட்டாள். பல்லி அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்குகிறார், அந்த ஜாடை மட்டும் எனக்கே புரிகிறது. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள், ஏறச் சொல்வீர்களா?